மார்கழிக் காலையில் எழாத கணினி

கணினி பழுதுபார்க்கும் தொழிலுக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 2005ஆம் ஆண்டு மார்கழியில், கும்பகோணத்துக்கு அருகே ஓர் அரிசி ஆலையின் அலுவலகத்தில் நான் செய்த தவறு இன்னும் மனத்தை உறுத்துகிறது.

அங்கிருந்த பென்டியம் 4 கணினி காலையில் இயங்க மறுத்தது. “நாலஞ்சு தடவை ஆஃப் பண்ணிப் போட்டாத்தான் சார் வருது. பத்து மணிக்கு மேல ஒரு தொந்தரவும் இல்லை” என்றார் கணக்கெழுதும் அம்மா. நோயின் பெயரைத் தவிர எல்லாவற்றையும் அவர் சொல்லிவிட்டார். நான்தான் காதில் வாங்கவில்லை. பெட்டியைக் கடைக்கு எடுத்துவந்து பிற்பகலில் போட்டுப் பார்த்தபோது நன்றாகவே ஓடியது. பாதியில் நின்று நின்று விண்டோஸ் கோப்புகள் சிதைந்திருந்ததால், மென்பொருள் கோளாறு என்று முடிவுகட்டி ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டேன். ஃபார்மட்டுக்கு முன்பு நான் எடுத்து வைத்த நகலில் நெல் கொள்முதல் கோப்புறை விடுபட்டிருந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது. ஒரு பருவத்தின் கணக்கு முழுவதையும் அந்த அம்மா பேரேட்டைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று.

அடுத்த வாரமே அதே புகார் வந்தது. இம்முறை பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் மதர்போர்டை நிதானமாகப் பார்த்தேன். பிராசசரைச் சுற்றி நின்ற கெப்பாசிட்டர்களில் (மின்சாரத்தைத் தேக்கித் தரும் சிறு உருளைகள்) ஐந்தின் தலை, தட்டையாக இருக்க வேண்டியது, உளுந்து வடை போல உப்பியிருந்தது. ஒன்றில் தலைமேல் இருக்கும் கீறல் பிளந்து, பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. அந்த ஆண்டுகளில் வந்த பல போர்டுகளில் இதே குறை இருந்தது. உள்ளிருக்கும் மின்பகு திரவத்தின் கலவை சரியில்லாததால், அதிலுள்ள நீர் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கி மூடியைத் தள்ளியது. பிராசசருக்கு 40 ஆம்பியருக்கும் மேல் மின்சாரம் போகும்போதும் மின்னழுத்தம் சுமார் 1.5 வோல்ட்டில் ஏற்ற இறக்கமின்றி நிற்க வேண்டும். அதைச் சமன்படுத்துவது இந்தக் கெப்பாசிட்டர்கள்தான். கெட்டுப்போன கெப்பாசிட்டரின் உள்தடை குளிரில் கூடும், அப்போது அதனால் சமன்படுத்த முடியாது; சூடேறினால் உள்தடை குறையும். நாலைந்து முறை போட்டு அணைத்ததில் போர்டு கொஞ்சம் வெதுவெதுப்பாகியிருக்கிறது, அதனால் எழுந்திருக்கிறது. என் கடையில் பிற்பகல் வெயிலுக்கு அந்த நோய் ஒளிந்துகொண்டது.

சென்னை ரிச்சி தெருவில் 105 டிகிரி தாங்கும், உள்தடை குறைந்த வகைக் கெப்பாசிட்டர்களை வாங்கிவரச் செய்தேன். ஒன்றின் விலை சில ரூபாய்தான். மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. பல அடுக்குகளாலான போர்டில் உள்ளிருக்கும் செம்புத் தகடு சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்வதால் பழைய பற்றவைப்பு ஈயம் இளகவே இளகாது. புது ஈயத்தைக் கொஞ்சம் அதன்மேல் உருக்கிவிட்டு, இரண்டு கால்களையும் மாறி மாறிச் சூடாக்கி, மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் துளையின் உட்பூச்சும் கூடவே வந்துவிடும், பிறகு அந்தப் போர்டு தேறாது. எதிர்முனையைக் காட்டும் பட்டையை இரண்டு முறை சரிபார்த்தேன், ஏனெனில் போர்டில் அச்சிட்டிருக்கும் குறி எல்லா நிறுவனங்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. கழற்றுவதற்கு முன்பே பழையது நின்ற திசையைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஐந்து மட்டும் உப்பியிருந்தாலும், அதே வரிசையில் இருந்த ஒன்பதையும் மாற்றினேன்.

அன்று மாலையே கணினி ஓடியது. ஆனால் மாலையில் ஓடுவதை நான் இனி நம்பத் தயாராயில்லை. இரவு முழுதும் அதை ஆலை அலுவலகத்திலேயே அணைத்து வைக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் பனி விலகுமுன் போய் உட்கார்ந்தேன். அந்த அம்மா வந்து சுவிட்சைப் போட்டார். ஒரே ஒரு பீப் ஒலி கேட்டது, திரை வந்தது. அவர் பேரேட்டைப் பிரித்து, முந்தைய நாள் விட்ட பக்கத்திலிருந்து நெல் கணக்கைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். மீதமிருந்த பக்கங்களை நான் வாசிக்க, அவர் தட்டச்சு செய்து முடித்தபோது மதியம் ஆகிவிட்டது.