அழிச்சாச்சு, அங்கிள்

"அழிச்சாச்சு, அங்கிள்." நான் சொன்னது இவ்வளவுதான். பொய் இல்லை. டிஸ்கில் தனியாகப் பிரித்து வைத்திருந்த அந்தப் பகுதியை, அந்தப் பார்ட்டிஷனை, உண்மையிலேயே அழித்துவிட்டுத்தான் லேப்டாப்பைக் கொடுத்தேன்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்று, கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட்டில், எங்கள் கடைக்கு ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டிருந்த நேரம். அந்த அங்கிளும் விண்டோஸ் 11 போடத்தான் வந்தார். கூடவே, "அந்த உபுண்டுவை எடுத்துட்டு இடத்தை விண்டோஸுக்கே கொடுத்துருங்க தம்பி. ராத்திரியெல்லாம் அதுல பாட்டு கோத்துக்கிட்டு உக்காந்திருக்கான், பரீட்சை வருது" என்றார். உபுண்டு, அதே லேப்டாப்பில் விண்டோஸோடு இருந்த இன்னொரு இயங்குதளம்.

"பையனுக்குத் தெரியுமா அங்கிள்?"

"லேப்டாப் நான் வாங்கிக் கொடுத்தது."

நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டேன். பின்னால் நாலு பேர் நின்றார்கள், அவர் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது.

அப்புறம் டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்ஸில்லா மென்பொருள் இருந்த பென்டிரைவை மாட்டினேன். பார்ட்டிஷனில் கை வைக்குமுன் இமேஜ், அதாவது அதன் முழு நகல், எடுப்பது கடைப் பழக்கம். 90 ஜிபி பார்ட்டிஷன். டேட்டா உள்ள பகுதியை மட்டும் எடுப்பதால் 20 ஜிபிக்குள் அடங்கியது. பூட் வரிசையில் விண்டோஸை முன்னால் வைத்துவிட்டு அழித்தேன், இல்லாவிட்டால் திறந்ததும் உபுண்டுவைத் தொடங்கிவைக்கும் க்ரப் வந்து முறைத்துக்கொண்டு நிற்கும். ஒன்று மட்டும் உறுத்தியது. உபுண்டு கோப்புகளை வைக்கும் எக்ஸ்ட்4 அமைப்பை விண்டோஸுக்குத் தானாகப் படிக்கத் தெரியாது. விண்டோஸ் மட்டுமே தெரிந்த அங்கிள், தான் எதை அழிக்கச் சொல்கிறோம் என்று பார்த்திருக்கவே முடியாது.

பழக்கம் என்றேன். இமேஜ் சரியா என்று குளோன்ஸில்லாவே சோதித்துச் சொல்லும், எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை. நான் அதையும் செய்தேன். அதற்கு மேல் வேறொரு டிஸ்கில் இறக்கி, திறந்தும் பார்த்தேன். பையன் கோத்த பாட்டில் ஒன்றைப் போட்டுக் கேட்டேன். உறுமி, அதன் மேல் ஒரு பெண் குரல், பாதியில் நின்றது. கஸ்டமர் கோப்பைத் திறக்காதே என்று கடையில் புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான்தான்.

மூன்று வாரம் கழித்துப் பையன் வந்தான். "அண்ணே, ஏதாவது மிச்சம் இருக்கா?"

"இருக்கு." யோசிக்கவே இல்லை. அவன் கொண்டுவந்த ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. நல்ல மனசு என்று அவன் நினைத்திருப்பான். அப்பாவிடம் ஏற்கனவே கூலி வாங்கியாயிற்று, அழிப்பதற்கு.

அன்று ராத்திரியே போன். "அழிச்சாச்சுன்னு சொன்னீங்களே தம்பி?"

அழித்ததும் உண்மை, நகல் வைத்திருந்ததும் உண்மை என்று விளக்க வாயெடுத்தேன். "ஆமா அங்கிள்" என்பதற்கு மேல் வரவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்: அது உங்கள் மகனுடையது, பின்னாளில் நீங்களே வருத்தப்படுவீர்கள் என்று. அவர் "சரி தம்பி" என்று வைத்துவிட்டார். பிறகு கடைப் பக்கம் வரவில்லை.

கஸ்டமர் இமேஜை மூன்று மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது நான் போட்ட விதி. போன வாரம் டிஸ்கில் இடம் போதவில்லை. மற்றதையெல்லாம் நீக்கினேன்.