காற்றுப்பை: லா ரோஞ்ச் ஏரிக் குறிப்புகள்

ஜூலை 19, 2024, வெள்ளி

காலை ஆறு மணிக்கு சாஸ்கட்டூனில் வண்டியை எடுத்தோம். நானும் அக்கா மகனும். அவன் கனடாவுக்குப் படிக்க வந்து இரண்டு வருடம். போன வருடம் என்னோடு நான்கு தடவை தூண்டில் போட்டிருக்கிறான், ஆனால் பேச்சைக் கேட்டால் நாற்பது வருட அனுபவம். பிரின்ஸ் ஆல்பர்ட் வரை இரண்டு பக்கமும் கனோலா பூத்து மஞ்சளாகக் கிடந்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வயல் கொஞ்சம் கொஞ்சமாகக் காடாகிவிடுகிறது. அங்கிருந்து 2-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே 240 கிலோமீட்டர். வழியில் ஒரு கருங்கரடி சாலையைக் கடந்தது. அதற்கு அவசரமே இல்லை.

லா ரோஞ்ச் ஏரிக்கு நான் வருவது மூன்றாவது முறை. சுமார் 1,400 சதுர கிலோமீட்டர் தண்ணீர், ஆயிரத்துக்கும் மேல் தீவுகள். கனடாவின் வடக்கை மூடியிருக்கும் அந்தப் பழைய பாறைப் பரப்பின் விளிம்பில்தான் ஏரி உட்கார்ந்திருக்கிறது. தெற்கே தண்ணீர் பரந்து கிடக்கும். வடக்கே போகப் போக கல் தீவுகள், திடீர்ப் பள்ளங்கள். ஒரே ஏரிக்குள் இரண்டு ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் தேடி வந்த முதல் மீன் வால்ஐ. தமிழில் எழுதினால் எல்லோரும் ‘வாலை’ என்று படித்துவிட்டு, எதன் வாலை என்று கேட்கிறார்கள். இங்கே நிறையப் பேர் அதைப் பிக்கரல் என்றும் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். சாஸ்காட்செவனின் மாகாண மீன் அது. இரண்டாவது, லேக் ட்ரவுட்.

ராத்திரி கேபினில் உட்கார்ந்து தூண்டில் முள் நசுக்கினோம். கடித்த மீன் நழுவாமலிருக்க முள்ளின் நுனிக்குக் கீழே ஒரு சின்ன எதிர்முள் இருக்குமே, அதை இங்கே வைத்துக்கொள்ளக் கூடாது. இடுக்கியால் தட்டையாக்கிவிட வேண்டும். உயிருள்ள மீனை இரையாகக் கோர்க்கவும் கூடாது, உறைந்த பொடிமீன்தான்.

ஜூலை 20, சனி

பகலெல்லாம் ஒன்றுமில்லை. கண்ணாடி போன்ற தண்ணீர், உச்சி வெயில். பிக்கரலுக்கு இது பிடிக்காது. இதன் கண்ணுக்குப் பின்னால் பூனைக்கு இருப்பது போல ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் உண்டு. மங்கலிலும் கலங்கலிலும் மற்ற மீன்கள் தடுமாறும்போது இதற்கு நன்றாகத் தெரியும். வேட்டை நேரம் அந்தி. இல்லையென்றால் காற்றடித்து அலை சிலிர்க்கிற மதியம்.

எட்டரை மணிக்குக் காற்று எழுந்தது. சூரியன் விழ ஒன்பதேகாலுக்கு மேல் ஆகும், அதனால் அவசரமில்லை. ஒரு பாறை முனைக்குப் பக்கத்தில், மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் ஏழு கிராம் ஜிக்கில், அதாவது தலையில் எடை வைத்த தூண்டில் முள்ளில், பொடிமீனைக் கோர்த்து இறக்கினோம். பிக்கரல் கடிப்பது கடி மாதிரியே இருக்காது. தூண்டில் நரம்பில் ‘டொக்’ என்று ஒரு தட்டு, அப்புறம் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். பையன் முதல் மூன்றைக் கோட்டை விட்டான். நான்காவது வந்தது, 45 சென்டிமீட்டர். டார்ச் அடித்தால் கண் இரண்டும் நெருப்புத் துண்டு.

மொத்தம் ஆறு. இரண்டை வைத்துக்கொண்டு நான்கை விட்டோம். நான்கும் வாலை ஒரு உதறு உதறிவிட்டு உள்ளே போயின.

ஜூலை 21, ஞாயிறு

இதை எழுத மனசில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மதியம் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரைப் பார்த்துக்கொண்டே போனபோது நடு ஏரியில் ஒரு மேடு தட்டியது. சுற்றிலும் 18 மீட்டர், மேட்டின் தலை 12 மீட்டர். திரையில் மீன்கள் அரிசி கொட்டியது மாதிரி. இறக்கினோம், இறக்கிய மாத்திரத்தில் கடி. அரை மணி நேரத்தில் ஐந்து பிக்கரல். அக்கா மகன் ஒவ்வொன்றையும் வீடியோ எடுத்து, “விட்டாச்சு மாமா!” என்று தண்ணீரில் போட்டுக்கொண்டே இருந்தான். எனக்கும் பெருமைதான். தின்பதற்காக அல்ல, விளையாட்டுக்காகப் பிடிக்கிறோம் என்ற பெருமை.

பிறகுதான் நீர்க்காகங்களின் கூச்சல் மாதிரி ஏதோ கேட்டுத் திரும்பினேன். கடற்புறாக்கள். எங்களுக்குப் பின்னால் அறுபது எழுபது அடியில் மூன்று மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. ஒன்று வால் அடித்துக்கொண்டே இருந்தது, உள்ளே போக முடியவில்லை. வாயிலிருந்து இளஞ்சிவப்பாக ஏதோ பிதுங்கியிருந்தது. படகைத் திருப்பி அங்கே போவதற்குள் ஒரு பறவை கண்ணைக் கொத்திவிட்டது. மற்ற இரண்டையும் எங்கள் கண் முன்னால் இழுத்துக்கொண்டு போயின.

பையன் போனை உள்ளே வைத்துவிட்டான். கரை வரை பேச்சில்லை. இன்று பௌர்ணமி. தென்கிழக்கில் காடுகளுக்கு மேல் நிலா தாழ்வாக எழுந்தது. வேறு நாளாக இருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

ஜூலை 22, திங்கள்

பெருங்காற்று. ஏரிக்குப் போகவில்லை. துணி துவைத்தோம்.

ஜூலை 23, செவ்வாய்

ட்ரவுட்டுக்காக இன்று ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்திருந்தேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கனடாவின் பூர்வகுடிகளில் ஒன்றான க்ரீ இனத்தவர். இந்த ஏரி அவர்கள் ஊர். அவருடைய அப்பா இங்கே வலை போட்டவராம். வடகிழக்கே ஹன்டர் பே பக்கம் கூட்டிப்போனார். காலை ஆறு மணிக்கே ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் போட்டும் படகில் குளிர் தாங்கவில்லை, ஜூலை மாதத்தில்.

ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் உயிர். பத்து டிகிரியைத் தாண்டினால் முகம் சுளிக்கும். மே கடைசியில், பனி உருகிய கையோடு வந்தால் கரையோரமே கிடைக்கும். ஜூலையில் மேல் தண்ணீர் சூடாகி, கீழே குளிர்த் தண்ணீர் தனி அடுக்காகத் தங்கிவிடுகிறது. மீனும் கீழே இறங்கிவிடும். பெயர் ட்ரவுட் என்றாலும் குடும்பத்தில் இது ‘சார்’ (char) என்ற மீன் வகை. அதன் அறிவியல் பெயரில் வரும் ‘நமேகுஷ்’ என்ற சொல்லே இங்குள்ள மக்களின் மொழிக் குடும்பத்திலிருந்து எடுத்தது. அதைச் சொன்னேன். பெரியவர், “எங்களிடம் கேட்டு எடுத்துக்கொண்டதில் அது ஒன்றுதான் போல” என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

27 மீட்டர். வெள்ளை நிற ரப்பர் ஜிக், முப்பது கிராம். தரை தட்டும் வரை விட்டு, பிறகு வேகமாகப் பத்துப் பதினைந்து சுற்று சுற்ற வேண்டும். திரையில் நம் ஜிக் ஒரு சாய்கோடாக மேலே ஏறும். அதன் பின்னாலேயே தடித்த இன்னொரு கோடு கிளம்பும். “மாமா, துரத்துது, துரத்துது!” இப்படி ஒன்று பாதித் தண்ணீர் வரை துரத்திவந்து திரும்பிப்போனது. நிறுத்தினால் போச்சு என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். பயத்தில் ஓடுகிற இரை நின்று திரும்பிப் பார்க்காதாம். பையன் நின்று பார்த்தான்.

ஒன்பது மணிவாக்கில் அவனுக்கே மாட்டியது. பிக்கரல் மாதிரி இல்லை இது. தலையை ஆட்டி ஆட்டி, நேராகக் கீழே இழுக்கும். பத்து நிமிடம். பக்கத்தில் வந்தபோது தண்ணீரில் கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது. நான் பதறினேன். ஞாயிற்றுக்கிழமை நினைவு. பெரியவர், “ஏப்பம் விடுகிறது, நல்லதுதான்” என்றார்.

அப்போதுதான் மிதந்த மீன்களைப் பற்றிச் சொன்னேன். அவர் பையனைப் பார்த்துச் சொன்னார்: “விட்டேன் என்று சொல்லாதே. தண்ணீரில் போட்டேன் என்று சொல்.”

விஷயம் இதுதான். மீனுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது, ஆழத்துக்குத் தக்கபடி மிதக்க. ட்ரவுட்டுக்கு அந்தப் பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு வழி உண்டு. மேலே வரும்போது பை உப்பினால் வாய் வழியாகக் காற்றை விட்டுவிடும். பிக்கரலுக்கு அந்த வழி கிடையாது. இரத்தத்தின் மூலம்தான் காற்றை மெல்ல மெல்லக் குறைக்க முடியும், அதற்கு நேரம் வேண்டும். பத்துப் பன்னிரண்டு மீட்டரிலிருந்து ஒரே மூச்சில் இழுத்தால் பை பலூனாகி வயிற்றையே வாய்க்குள் தள்ளிவிடும். அந்த இளஞ்சிவப்பு அதுதான். நீந்தி உள்ளே போன மற்ற இரண்டும் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். பெரியவர் தோளைக் குலுக்கினார். ஆழத்தில் பிக்கரல் பிடித்தால் சாப்பாட்டுக்கு வேண்டியதைப் பிடி, வைத்துக்கொள், இடத்தை விட்டுக் கிளம்பு. அவர் முறை அவ்வளவுதான்.

ட்ரவுட்டுக்கு வேறு ஆபத்து. குளிர்க் கிடங்கிலிருந்து வந்ததைச் சித்திரை வெயிலில் தூக்கி வைத்தது மாதிரி ஆகும். அதனால் படகுக்குள் தூக்கவே விடவில்லை. வலையோடு தண்ணீரிலேயே வைத்து, இடுக்கியால் முள்ளைத் திருகி எடுத்தார். கரும்பச்சை உடம்பில் வெளிறிய புள்ளிகள், ஆழமாகப் பிளந்த வால். ஏழு கிலோவாவது இருக்கும். இந்தக் குளிரில் ட்ரவுட் ரொம்ப மெதுவாகத்தான் வளரும், ஐம்பது வயதைத் தாண்டுவதும் உண்டு. பையனை விட இது மூத்ததாக இருக்கலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டது. போட்டோ இல்லை. அவன் கேட்கவும் இல்லை.

“அதிகபட்சம் எவ்வளவு பெரிசு வரும்?” என்று மட்டும் கேட்டான். 1961-இல் வடக்கே அத்தபாஸ்கா ஏரியில் வலையில் 102 பவுண்டு ட்ரவுட் ஒன்று சிக்கியது. கிலோவில் 46. ஒரு மூட்டை சிமென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

மதியம் ஒரு தீவில் சமையல். ஒன்றரைக் கிலோ ட்ரவுட் ஒன்றை மட்டும் வைத்திருந்தோம். சதை ஆரஞ்சு நிறம், நல்ல கொழுப்பு. இரும்புச் சட்டியில் உருளைக்கிழங்கோடு பொரித்தார். தலையைத் தனியே வேகவைத்து அவரே எடுத்துக்கொண்டார். மீன் தலையைத் தூக்கி எறியாத மனிதரைக் கண்டதும் எனக்கு மரியாதை கூடிவிட்டது. கன்னச் சதையைக் கிள்ளி எனக்கும் கொடுத்தார்.

ஜூலை 24, புதன்

காட்டுத்தீப் புகை. எங்கே எரிகிறதோ, சூரியன் தக்காளிப் பழம் மாதிரி தொங்கியது. ஊர்க்காரர்கள் மேலே பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். 2015-இல் தீ நெருங்கி இந்த ஊரையே காலி செய்யச் சொன்னார்கள், அதை யாரும் மறக்கவில்லை. எங்களுக்கு இது தொண்டைக் கரகரப்பு, அவர்களுக்கு அப்படி இல்லை. அந்தியில் பாறை முனையில் இரண்டு பிக்கரல். வைத்துக்கொண்டோம்.

ஜூலை 25, வியாழன்

கடைசி நாள். பையன்தான் படகை ஓட்டினான். அந்த மேட்டுக்கு மேலே போகும்போது திரையில் மறுபடி அரிசி. வேகத்தைக் குறைத்து ஒரு நிமிடம் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆக்சிலரேட்டரைத் திருகிவிட்டான்.

சாயங்காலம் புதன்கிழமை மீன்களை அறுத்தோம். பிக்கரலில் நடுமுள்ளை எடுத்துவிட்டால் மற்றது சுலபம், பைக் மீன் மாதிரி ஒளிந்த முள் இல்லை. வெள்ளைச் சதை, வாசனையே கிடையாது. ஊருக்குக் கொண்டுபோகும் துண்டுகளில் கொஞ்சம் தோலை விட்டுவைக்க வேண்டும், என்ன மீன் என்று அதிகாரி பார்த்தால் தெரிய. சனிக்கிழமை வைத்த இரண்டும் ஏற்கெனவே உறைபெட்டியில். ஆக நான்கு.

ஜூலை 26, வெள்ளி

பிரின்ஸ் ஆல்பர்ட்டில் டீக்கு நின்றபோது வீட்டிலிருந்து போன். பையன் எடுத்தான்.

“எத்தனைடா மீன்?”

“நாலு பிக்கரல் கொண்டு வர்றோம் அத்தை.”

“ஒரு வாரத்துக்கு நாலுதானா?”

என்னைப் பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “ஏழு அத்தை. மூணு வழியில போயிடுச்சு” என்றான்.