மழைக்கு முன்னே முழங்கால் சொல்லுமா?

"மூட்டு குடையுது, மழை வரும்போல" என்பதை வெறும் பிரமை என்று தள்ளிவிட முடியாது. நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் செல்போன் வழியே தினமும் வலியளவைக் கேட்டுப் பதிந்த மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஈரப்பதமும் காற்றும் கூடி, காற்றழுத்தம் குறைந்த நாட்களில் வலி சற்றுக் கூடியிருந்தது. சற்றுதான்! எல்லாப் பழியையும் மேகத்தின்மேல் போட வழியில்லை.

அழுத்தம் இறங்கும்போது மூட்டைச் சுற்றிய திசு லேசாக விரிந்து நரம்பை உறுத்தலாம் என்பது ஒரு விளக்கம், இன்னும் உறுதியாகவில்லை. குளிரில் தசை இறுகும். இதைவிடப் பெரிய குற்றவாளி, மழையைச் சாக்கிட்டு நாள் முழுக்க அசையாமல் சுருண்டு கிடப்பதுதான் என்பேன்.

ஆகவே, எழுமுன் படுக்கையிலேயே குதிகாலை மெத்தையோடு உரசி இழுத்து முழங்காலை மடக்கி நீட்டுங்கள், காலுக்குப் பத்து முறை. பிறகு துணி சுற்றிய வெந்நீர்ப் பையால் 15 நிமிடம் ஒத்தடம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு இது வேண்டாம். சூடு உறைக்காமல் கொப்புளித்துவிடும். வீங்கிச் சிவந்த மூட்டுக்கும் வெந்நீர் ஆகாது. காய்ச்சலோடு ஒரே மூட்டு திடீரென வீங்கினால் அதற்கும் வானிலைக்கும் சம்பந்தமில்லை, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

உங்கள் உடம்பு மழைக்கு மசிகிறதா என்று பார்க்க, இரண்டு மாதம் தினமும் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் எழுதுங்கள். வானிலைச் செய்தியைப் பார்க்கும் முன்பே எழுதிவிட வேண்டும். பார்த்துவிட்டால் மனசே வலியைக் கூட்டிச் சொல்லும்.