கருப்பியின் நெஞ்சுப் படபடப்பு

ஐப்பசி மழையில் தெருமுக்கு ஆட்டோவுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த நாய்க்குட்டி கருப்பியை வீட்டுக்குத் தூக்கி வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஒன்றரை மாசம் இருக்கும். மடியில் படுத்துத் தூங்கும்போது நெஞ்சில் கை வைத்தால் உள்ளே தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரே படபடப்பு. எனக்குத் தூக்கம் போச்சு.

இடது முன்காலை மடக்கினால் முட்டி நெஞ்சில் படுமே, அங்கே இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணினேன். பாதியில் விழித்துக்கொண்டு என் கட்டைவிரலைக் கடிக்க ஆரம்பித்துவிட்டது. மறுபடி தூங்கவைத்து எண்ணினால் 45. நாலால் பெருக்கினால் 180! நமக்கு 72 என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே மனசில் நிற்கும், ராத்திரி முழுக்க இதயக் கோளாறு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

காலையில் கால்நடை மருந்தகம். எனக்கு முன்னால் நாலு ஆடு. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, "குட்டிக்கு 120லேர்ந்து 160 வரைக்கும் சாதாரணம், பிறந்த புதுசுல 200கூடப் போகும். தூக்கத்துல 180ன்னா கொஞ்சம் கூடத்தான். அது கெடக்கட்டும் தம்பி, வாயைப் பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. உதட்டைத் தூக்கிக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சோறு மாதிரி வெளுத்திருந்தது. அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டுமாம். இங்கே திரும்ப நிறமே இல்லை.

வயிறு உப்பியிருந்ததைப் பால் குடித்த வயிறு என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டிருந்தேன். மலத்தைப் பார்த்ததில் கொக்கிப்புழு முட்டை. உள்ளே அது, வெளியே தெள்ளுப்பூச்சி, இரண்டும் சேர்ந்து ரத்தத்தை உறிஞ்சிவிட, இருக்கிற கொஞ்ச ரத்தத்தை உடம்பெல்லாம் அனுப்ப நெஞ்சு கூடுதலாக அடித்துக்கொண்டிருந்தது. எடை போட்டு, 1.4 கிலோவுக்குத் தக்க புழு மருந்து கொடுத்தார், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. அப்புறம் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து, அதில் பாதி என் சட்டையில்தான் போனது. தடுப்பூசி கொஞ்சம் தேறியதும் போடலாம் என்றார். பெரிய நாய்க்கு அடிக்கிற தெள்ளு ஸ்ப்ரேயை இந்த வயசுக் குட்டி தாங்காது, தொடவே தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டதால், தினமும் சாயங்காலம் ஈர்க்கொல்லிச் சீப்பும் சோப்புத் தண்ணிக் குவளையுமாக உட்கார்ந்தேன். முதல் நாள் தண்ணியே கறுத்துவிட்டது.

மூன்று வாரத்தில் ஈறு சிவந்தது. தூக்கத்தில் எண்ணினால் 30, அதாவது 120. நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தால், இப்போது துடிப்பு ஒரே சீராக இல்லை, நாலு வேகமாக, அப்புறம் ரெண்டு மெதுவாக. பயந்துபோய் ஃபோன் போட்டேன்.

"மூச்சை இழுக்கும்போது வேகமா அடிக்கும், விடும்போது மெதுவா அடிக்கும், நாய்க்கு அப்படித்தான். நீங்க முதல்ல தூங்குங்க தம்பி" என்றார்.