துபாயில் வீடு வாங்கிய ஏழு மாதங்கள்

2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் கொட்டிய மழையை ஒரு வாடகை வீட்டின் ஏழாவது மாடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். விமான நிலையத்தில் அந்த ஒரே நாளில் 142 மில்லிமீட்டர். அந்த ஊருக்கு வருடம் முழுக்கச் சேர்த்தாலே 95 மில்லிமீட்டர் பக்கம்தான். எங்கள் கட்டடத்தின் அடித்தளம் மூழ்கி மின்சார அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மூன்று நாள் லிஃப்ட் இல்லை, ஏசி இல்லை. கணவர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்து ஏழு மாடி ஏறினார்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமத்திலிருந்து அப்பா போன் செய்தார். "பாப்பா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? தண்ணி எந்தப் பக்கம் வடியுது?" என்று கேட்டார். பதினோரு வருடம் குடியிருந்த ஊரில் எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. வீடு தேடும்போது என்ன கேட்க வேண்டும் என்பதை அந்தக் கேள்விதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

ஜூலை விடுமுறையில் ஊருக்கு வந்தோம். கையில் இருந்த சேமிப்பில் மன்னார்குடியில் மனை வாங்கி வீடு கட்டுவதா, துபாயிலேயே வாங்குவதா என்று திண்ணையில் உட்கார்ந்து இரண்டு வாரம் பேசினோம். எனக்கு ஊரில் கட்டத்தான் ஆசை. அப்பாதான் வேண்டாம் என்றார். 2018 கஜாவில் தென்னை எல்லாம் சாய்ந்து, வீட்டு ஓடு பறந்தபோது பார்த்துக்கொள்ள அவர் இருந்தார். எங்கள் தெருவிலேயே வளைகுடாப் பணத்தில் கட்டிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. "கரையானுக்குக் குடிவைக்கவா கட்டப்போறீங்க? புள்ள படிக்கிற ஊர்ல வாங்குங்க" என்றார். மகளுக்குப் பத்து வயது. அவள் பள்ளி முடிக்க இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. சரி என்று முடிவானது.

துபாயில் வெளிநாட்டவர் எல்லா இடத்திலும் வாங்கிவிட முடியாது. 2002-இல்தான் கதவு திறந்தது. 2006-இல் சட்டம் வந்து, குறித்த பகுதிகளில் மட்டும் முழு உரிமையோடு வாங்கலாம் என்றானது. நம்மவர்கள் நிறைய வசிக்கும் கராமா, குசைஸ் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் கோயில், மளிகைக்கடை, தெரிந்த முகங்கள் எல்லாவற்றையும் விட்டுத் தள்ளிப் போக வேண்டியிருந்தது. சிலிக்கான் ஓயாசிஸ் பக்கம் தேடினோம்.

முதலில், எவ்வளவு கடன் தருவோம் என்று வங்கி எழுதித் தரும் முன் ஒப்புதல். அதை வாங்காமல் வீடு பார்க்கப் போகாதீர்கள். எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது விதி. பயன்படுத்தாத கிரெடிட் கார்டின் வரம்பில் ஒரு பங்கையும் தவணையாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். கணவர் சும்மா வைத்திருந்த இரண்டு கார்டுகளை மூடிய பிறகுதான் நாங்கள் கேட்ட தொகை கிடைத்தது.

முதலில் பிடித்துப்போன வீட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. "ஒரு மாதத்தில் காலி செய்துவிடுவார்கள்" என்று ஏஜென்ட் சொன்னார், நம்பினோம். முன்பணச் செக் எழுதும் நேரத்தில்தான் தெரிந்தது: விற்பனைக்காகக் காலி செய்யச் சொல்ல வேண்டுமென்றால் நோட்டரி வழியாகவோ பதிவுத் தபாலிலோ 12 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அப்படி எதுவும் கொடுக்கப்படவே இல்லை. அந்தக் குடும்பத்தின் மேல் எங்களுக்குக் கோபம் வரவில்லை, நாங்களும் வாடகைக்காரர்கள்தானே. ஆனால் தெரிந்தே மறைத்த அந்த ஏஜென்டை இன்றும் மன்னிக்க முடியவில்லை. ஒரு மாதம் போனது.

அதன் பிறகு நான் தேடிய விதமே மாறியது. ஹாலையும் சமையலறையையும் பார்ப்பதற்கு முன்னால் அடித்தளத்துக்குப் போனேன். சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது, பம்ப் இருக்கிறதா, மின்சார அறை கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று பார்த்தேன். வாசலில் இருக்கும் செக்யூரிட்டித் தம்பிகளிடம், "ஏப்ரல் மழையில் இங்கே எத்தனை நாள் கரண்ட் இல்லை?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். விற்பவர் சொல்ல மாட்டார். அந்த மழைக்குப் பிறகு துபாய் அரசு 30 பில்லியன் திர்ஹத்தில் வடிகால் திட்டம் அறிவித்திருக்கிறது, ஆனால் அது கட்டம் கட்டமாக 2033-இல்தான் முடியும். அதுவரை வடிகால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நம் ஊரில் மேட்டு மனையா பள்ள மனையா என்று பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? பாலைவனம்தானே என்று அங்கே அதை விட்டுவிடுகிறோம்.

இன்னொன்று சர்வீஸ் சார்ஜ். லிஃப்ட், காவல், நீச்சல் குளம் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று வருடா வருடம் கட்ட வேண்டும். நாங்கள் வாங்கிய வீடு 1,100 சதுர அடி, அடிக்கு 15 திர்ஹம், ஆக வருடத்துக்கு 16,500. கடன் முடிந்தாலும் இது முடியாது. நிலத்துறையின் 'துபாய் ரெஸ்ட்' செயலியில் கட்டடவாரியாகப் பார்த்துக்கொள்ளலாம். கூடவே ஏசி சில்லரா (எல்லா வீடுகளுக்கும் ஒரே இடத்திலிருந்து குளிர்ச்சி வருவது), வீட்டுக்குத் தனியா என்றும் கேளுங்கள். சில கட்டடங்களில் நாம் ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடந்தாலும் சில்லருக்கு ஒரு நிலையான கட்டணம் வந்துகொண்டே இருக்கும்.

இப்போது பணம். வீட்டு விலை 10 லட்சம் திர்ஹம். முதல் வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கு, 50 லட்சம் வரை விலையுள்ள வீட்டுக்கு 80 சதவீதம் கடன் கிடைக்கும். அப்படியென்றால் 2 லட்சம் இருந்தால் போதும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தோம். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் 9,70,000 என்று எழுதிவிட்டார். வங்கி அந்தத் தொகைக்குத்தான் 80 சதவீதம் தரும், மீதி நம் கைப்பணம். 2 லட்சம் 2,24,000 ஆனது. அதற்கு மேல் நிலத்துறைக் கட்டணம் 4 சதவீதம், அதாவது 40,000. ஏஜென்டுக்கு 2 சதவீதமும் வரியும் சேர்த்து 21,000. பத்திரம் மாற்றித் தரும் டிரஸ்டி அலுவலகத்துக்கு 4,200. கடன் பதிவு, மதிப்பீடு, வங்கிக் கட்டணம் என்று எல்லாம் சேர்ந்து 3 லட்சத்தைத் தொட்டது. அவர்கள் சொல்வது 20 சதவீதம், தேவைப்படுவது 30. அப்போது சில வங்கிகள் கட்டணங்களையும் கடனில் சேர்த்துக் கொடுத்தன, 2025 பிப்ரவரி முதல் அதுவும் நின்றுவிட்டது. பற்றாக்குறைக்கு என் நகைகளை மன்னார்குடியில் அடகு வைத்தோம். அம்மா தன் இரட்டை வடச் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார். அதை இந்த வருடம் மீட்டுவிட்டேன்.

ஒப்பந்தம் போட்ட பத்தாம் நாள் அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. நான் ஊரில் இருந்தேன். இருவர் பெயரிலும் வாங்குவதால் என் கையெழுத்து வேண்டும். பவர் எழுதி அனுப்பலாம் என்று நோட்டரியிடம் போனேன். நோட்டரி, பிறகு மாநில அரசு, பிறகு வெளியுறவுத் துறை, பிறகு அமீரகத் தூதரகம், துபாய் போனதும் அமீரக வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அரபி மொழிபெயர்ப்பு. கேட்டதும் மலைத்துப்போய், திருச்சியில் இருந்து விமானம் ஏறிவிட்டேன்.

டிரஸ்டி அலுவலகத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சர்வீஸ் சார்ஜ் பாக்கி இல்லை என்று கட்டுநர் கொடுத்த என்ஓசியைப் பார்த்தார்கள், வங்கியின் செக்கை விற்பவர் வாங்கிக்கொண்டார், கையெழுத்துப் போட்டோம். பத்திரம் மின்னஞ்சலில் வந்துவிட்டது. வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா மாற்றம் என்று அப்பா அலைந்த அலைச்சலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது நம்பமுடியாத நிம்மதியாக இருந்தது.

அடுத்த வாரம் ஊருக்குத் திரும்பியபோது அதை அச்செடுத்துக் கொண்டுபோனேன். அப்பா கண்ணாடி மாற்றிப் போட்டுக்கொண்டு, அரபியை விட்டுவிட்டு ஆங்கிலப் பக்கத்தை மெதுவாகப் படித்தார். கட்டடத்தின் பெயர், மாடி, வீட்டு எண், சதுர மீட்டர், கார் நிறுத்துமிட எண்.

"நாலு எல்லை எங்கம்மா?" என்றார்.

கிழக்கே ஒரு வீடு, மேற்கே நடைபாதை, வடக்கே படிக்கட்டு, தெற்கே வெட்டவெளி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கீழ யாரு இருக்கா, மேல யாரு இருக்கான்னு கேட்டியா? போனதும் கேட்டுப் பழகி வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, வயல் பத்திரம் இருக்கும் டிரங்குப் பெட்டியில் அதையும் வைத்தார்.