கொதிநீரிலும் வேகாத புரதம்
புத்தளம் உப்பளத்துப் பக்கம் சின்ன வயதில் சைக்கிளில் போகும்போது பாத்தித் தண்ணீர் சிவந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். செம்மண் கரைந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். உப்பளங்கள் சிவப்பதில் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று எம்.எஸ்சி. படிக்கும்போதுதான் தெரிந்தது, அன்றிலிருந்து இந்தக் கூட்டத்தின் மேல் தீராத ஆசை.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது உப்பில் வாழ்கிறது அல்ல, கொதிநீர் ஊற்றில் வாழும் சல்ஃபோலோபஸ். 1972இல் தாமஸ் பிராக் குழுவினர் விவரித்த உயிர். 80 டிகிரி வரை சூடு, எலுமிச்சைச் சாறு மாதிரிப் புளிப்பு, அதற்குள் சுகமாக இருக்கிறது.

நேற்று அம்மா முட்டை அவிக்கும்போது இதைச் சொன்னேன். "அப்போ அது மட்டும் ஏன் வேகல மக்ளே?" என்று கேட்டாள். சரியான கேள்வி. முட்டையின் வெள்ளை கெட்டியாவது அதன் புரதங்கள் சூட்டில் மடிப்பு குலைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான். சல்ஃபோலோபஸின் எஸ்எஸ்ஓ7டி என்ற புரதத்தில் அமினோ அமிலங்கள் அறுபத்துச் சொச்சம்தான், ஆனால் மடிப்பு குலைய 98 டிகிரி வேண்டும்! கருப்பட்டி வைக்கும் ஓலைப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பட்டைகள் வளைந்து பெட்டியாகின்றன, ஒரு சுருள் மூடி மாதிரி மேலே உட்காருகிறது, எண்ணெய்த்தன்மை உள்ள பகுதிகள் உள்ளே நெருக்கமாக அடைந்திருக்கின்றன. பல புரதங்களை இறுக்கிக் கட்டும் கந்தகப் பிணைப்பு இதில் ஒன்றுகூடக் கிடையாது. அறைச் சூட்டில் அளந்தால் இதன் உறுதி ஒன்றும் பிரமாதம் இல்லை, சாதாரணப் புரதங்களின் அளவுதான். ஆனால் சூடு ஏற ஏற மற்றவை சட்டென்று தளரும் இடத்தில் இது மெதுவாகத்தான் தளர்கிறது, ஏனென்றால் உடல் சின்னது, விரிந்தாலும் தண்ணீரில் படும் எண்ணெய்த்தன்மைப் பரப்பு குறைவு. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் டிஎன்ஏ. சூட்டில் அதன் இரண்டு இழைகளும் பிரிந்துவிடும். அதன் குறுகிய பள்ளத்தில் இந்தப் புரதம் படிந்து, தன் அமினோ அமிலங்களில் வாலின், மெத்தியோனின் இரண்டையும் டிஎன்ஏ ஏணியின் படிகளுக்கு நடுவில் ஆப்பு மாதிரிச் செருகி, டிஎன்ஏவையே சுமார் 60 டிகிரி கோணத்துக்கு வளைத்துவிடுகிறது. இப்படிப் பிடித்துக்கொண்டால் இழைகள் பிரிவதற்கான வெப்பநிலை 40 டிகிரி வரைகூட உயர்கிறது.

எல்லா ஆர்க்கியாவுக்கும் இதே வழி இல்லை. மெத்தனோதெர்மஸ் ஃபெர்விடஸ் என்ற ஆர்க்கியா நம்மைப் போல ஹிஸ்டோன் என்ற புரதத்தை வைத்திருக்கிறது, அதைச் சுற்றி டிஎன்ஏ ஸ்பிரிங் மாதிரி நீளமாகச் சுருள்வதை 2017இல் காட்டினார்கள்.

ஆய்வகத்தில் பிசிஆர், அதாவது சூடேற்றி ஆறவைத்து டிஎன்ஏவைப் பல பிரதி எடுக்கும் வேலை, செய்பவர்களுக்கு இது தூரத்து விஷயமே அல்ல. எஸ்எஸ்ஓ7டியை, டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும் பாலிமரேஸோடு ஒட்டிய நொதிகள் கடையில் கிடைக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் 98 டிகிரிக்குப் போய் வந்தும், நீளமான டிஎன்ஏவில் கை நழுவாமல் பிரதி எடுத்துக்கொண்டே போகும்.