ஐந்து தட்டுக்கு மூன்று நடை

அலமாரி ஒருவழியாக நின்றுவிட்டது. நேற்றிரவு புத்தகங்களை அடுக்கி முடித்தேன். வலது உள்ளங்கைக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை, கோபமும்தான். பாதி கோபம் பலகை அறுத்துக் கொடுத்தவர்மேல், மீதி என்மேல்.

வேலை என்னவோ சின்னதுதான். அறை மூலையில் கான்கிரீட் தூண் ஒன்று ஓரடிக்குத் துருத்திக்கொண்டிருக்கும். அதற்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே நாலடிக்குக் கொஞ்சம் குறைவான இடுக்கு. அதில் ஐந்து தட்டுகள். மூன்று பக்கமும் சுவரில் சட்டம் அடித்து, மேலே 18 மி.மீ. ப்ளைவுட் பலகையை வைத்தால் முடிந்தது. கதவு கிடையாது, பெட்டி கிடையாது. ஒரு சனி ஞாயிறு போதும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். நான்கு வாரம் ஆனது.

முதல் தப்பு, டேப்பை ஒரே இடத்தில் பிடித்தது. தரையோரமாக அளந்தேன், 1180 மி.மீ. வந்தது, ஐந்து பலகைக்கும் அதையே எழுதிக்கொண்டு போனேன். கடையில் அறுத்தும் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் அடித்தட்டே உள்ளே போகவில்லை. பூச்சு மூலையில் சற்றே உருண்டு நிற்கிறது, பலகையோ கூர்மூலை. மேலே போகப் போக இன்னும் மோசம். இடுப்புயரத்தில் 1176, தலைக்குமேல் 1171. நிற்கிற சுவர் நேராகத்தான் இருக்கும் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். நூலில் ஒரு கனத்தைக் கட்டித் தொங்கவிட்டதும்தான் அது சாய்ந்திருப்பது தெரிந்தது.

ஆகவே, இடுக்கில் தட்டு போடுகிறவர்கள் ஒவ்வொரு தட்டுக்கும் அதனதன் உயரத்தில் அளந்துகொள்ளுங்கள். பின்சுவர் ஓரம் ஒரு தடவை, முன்னால் ஒரு தடவை. வருகிற அளவில் 3 மி.மீ. கழித்துவிட்டு எழுதுங்கள். இறுக்கமாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டால் பலகை உள்ளே போகும்போதே பூச்சைச் சுரண்டிக்கொண்டு போகும்.

இரண்டாவது நடை அந்த ஐந்து பலகையையும் திரும்பத் தூக்கிக்கொண்டு. கடைக்காரர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒன்பது மில்லி சீவுறதுக்கெல்லாம் மிஷின் ஓட்ட முடியாது தம்பி. முழுப் பலகை வாங்குங்க, புதுசா அறுத்துத் தர்றேன்." அளவு தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் அங்கே நின்றவர்கள் முன்னால் அவர் சிரித்த சிரிப்பு தேவையில்லாதது. பேசாமல் பலகைகளைக் கட்டிக்கொண்டு திரும்பினேன்.

பிறகென்ன, கை ரம்பம்தான். அட்டையில் மாதிரி வெட்டிக்கொண்டது இந்த இடத்தில் காப்பாற்றியது. இடுக்கைவிடச் சிறிய அட்டை ஒன்றை அந்தந்தத் தட்டின் உயரத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் தனித்தனி அட்டைத் துண்டைச் சுவரில் முட்டும்வரை தள்ளி, டேப் ஒட்டி இறுக்கினேன். வெளியே எடுத்தால் சுவரின் கோணல் அப்படியே அட்டையில் இருக்கும். அதைப் பலகைமேல் வைத்துக் கோடு போட்டு அறுக்க வேண்டியதுதான். சுவர் எவ்வளவு கோணல் என்று கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது பலகையை அறுக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ரம்பம் மர ரேகையோடேயே போகிறது. அகலவாக்கில் அறுக்கும்போது ரேகை குறுக்கே அல்லவா இருக்க வேண்டும்! கையை நிறுத்திவிட்டு எல்லாப் பலகையையும் புரட்டிப் பார்த்தேன். ஐந்திலும் ரேகை நீளவாக்கில் இல்லை, அகலவாக்கில் ஓடியது. 2440-க்கு 1220 முழுப் பலகையை அவர் குறுக்கே ஐந்து பட்டையாக அறுத்திருக்கிறார். அப்படி அறுத்தால் மிச்சம் ஒரே பெரிய துண்டாக நிற்கும். அந்தத் துண்டை என்னிடம் கொடுத்தபோது நான் நன்றி வேறு சொன்னேன்.

ப்ளைவுட்டில் அடுக்குகள் ஒன்று மாற்றி ஒன்று குறுக்கும் நெடுக்குமாக இருந்தாலும், வெளி முகத்து ரேகை நீளவாக்கில் ஓடினால்தான் பலகை நன்றாகத் தாங்கும். சந்தேகத்துக்கு, ஒரு பலகையின் இரு முனையையும் இரண்டு ஸ்டூல்மேல் வைத்துப் புத்தகங்களை அடுக்கினேன். நடுவே 8 மி.மீ. இறங்கியது. ஒரு மீட்டர் புத்தக வரிசை லேசாக 20, 30 கிலோ வரும், மாதக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். இன்று 8 என்றால் நாளாக ஆக இன்னும் கூடும். அறுக்கக் கொடுக்கும்போது அளவுத்தாளில் ரேகை போக வேண்டிய திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். அதைப் போடாததால் நான் கடையில் சண்டைகூடப் போட முடியவில்லை.

பின்னும் பக்கமும் சட்டம் தாங்கிக்கொள்ளும், தொய்வதெல்லாம் முன் விளிம்புதான். எனவே அதன் அடியில் 20-க்கு 40 மி.மீ. ரீப்பர், அதாவது ஒடுக்கமான மரக்கட்டை, ஒன்றைப் பசை தடவி ஸ்க்ரூ போட முடிவு செய்தேன். ரீப்பரைப் படுக்கவைக்காமல் 40 பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வைக்க வேண்டும். அதே கட்டைதான், நிறுத்தி வைத்தால் வளைவை நான்கு மடங்கு தாங்கும்.

ரீப்பர் வாங்கப் போனதுதான் மூன்றாவது நடை. வேறு கடைக்கு.

அந்த நடையிலேயே நீள ஸ்க்ரூவும் வாங்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தின நாள் சட்டம் அடித்துப் பார்த்து அவமானப்பட்டிருந்தேன். பெட்டியில் கிடந்த 35 மி.மீ. ஸ்க்ரூவைப் போட்டு முடுக்கினேன், சிக்கென்று இருந்தது. சட்டத்தைப் பிடித்து லேசாகத் தொங்கிப் பார்த்தால், சுவர் ஓட்டையில் செருகிய பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும் வெள்ளைத் தூளோடு கையோடு வந்துவிட்டன. கணக்கு எளிது. சட்டமே 18 மி.மீ., அதைத் தாண்டி 17 மி.மீ. பூச்சு 15. செங்கல்லுக்குள் போனது வெறும் 2 மி.மீ. நான் தொங்கியது பூச்சில்! 75 மி.மீ. ஸ்க்ரூவும் அதற்கேற்ற நீளப் பிளக்கும் போட்ட பிறகு சட்டம் அசையவில்லை.

தூண் பக்கம் நேர் எதிர். ஒரு ஓட்டையில் டிரில் பிட் இரண்டு இன்ச் போனதும் தூசி வருவது நின்றது, சத்தம் கிறீச்சென்று மாறியது. உள்ளே கம்பி. அந்த இடத்தில் அழுத்திப் பயனில்லை, பிட்தான் மழுங்கும், தூணின் கம்பியை வெட்டவும் கூடாது. ஓட்டையை ஒன்றரை இன்ச் தள்ளிப் போட்டேன். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் மட்டும் கை வைக்காதீர்கள், வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

ரசமட்டம் பற்றி ஒரு வார்த்தை. தரையிலிருந்து அளந்து சட்டத்துக்குக் குறி போடாதீர்கள், தரையும் சுவருக்கு உறவுதான். ரசமட்டத்தையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழ் உங்கள் பார்வையில் அதே பக்கம் அதே அளவு நின்றால்தான் மட்டம் சரி. என்னிடம் இருந்தது தேறியது, இந்த வேலையில் முதல் தடவையில் தேறிய ஒரே பொருள் அது.

உப்புத்தாள், ப்ரைமர், பெயின்ட் எல்லாம் ஒரு நாளில் முடிந்தன. "ஆளைக் கூப்பிட்டிருந்தா என்னைக்கோ முடிஞ்சிருக்கும்ல?" என்று அம்மா ஒரு தடவைதான் கேட்டார், அதுவும் நான் கொப்புளத்துக்கு மருந்து தேடியபோது. நேற்று அடித்தட்டில் தடித்த அகராதிகளாக அடுக்கி, முன் விளிம்பில் நூல் பிடித்துப் பார்த்தேன். தொய்வு கண்ணுக்குத் தெரியவில்லை. மறுபடியும் பார்த்தேன். அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

நான்காவது தட்டில் மட்டும் ரம்பம் கோட்டைத் தாண்டிப் போய், சுவரோரம் 5 மி.மீ. சந்து விழுந்துவிட்டது. பக்கச் சட்டம் முன்னால் இரண்டு இன்ச் குறைவாக நிற்பதால், சார்ஜர் வயரை முன்பக்கமாகச் செருகி அந்தச் சந்து வழியாகக் கீழே இறக்கியிருக்கிறேன். கேட்கிறவர்களிடம் அதற்காகவே விட்ட இடைவெளி என்று சொல்லிவருகிறேன்.